காவலுக்கு அழைத்தார்கள்!

தேநீர்க் கடை வாயிலிலே, இரயில் பெட்டியிலே, திருமண வீட்டுத் திண்ணையிலே அந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒருவர் பெருமூச்சு விடுகிறார். "இந்தக் கட்சிக்காரர்களை நம்பிப் பயனில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பட்டாளத்தான் கையிலே நாட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் உருப்படும்" என்கிறார். சுற்றியிருப்போர் தலையசைக்கிறார்கள். வேதனை என்னவென்றால், அப்படித் தலையசைப்போரிலே நம் தோழர்களும் சிலர் இருக்கிறார்கள்!

அவர்கள்மீது எனக்குச் சினமில்லை. இலஞ்சத்தைக் கண்டு கொதித்தவர்கள், கோஷ்டிச் சண்டையைக் கண்டு சலித்தவர்கள், அலுவலக வாயிலிலே நாள் முழுதும் காத்துக் கிடந்தவர்கள் பேசுகிற பேச்சு அது. கொதிப்பு நியாயமானது, கேட்கும் மருந்துதான் நஞ்சு. அந்த மருந்தை உண்ட ஒரு நாட்டின் கதையை இன்று சொல்லப் போகிறேன். தொலைதூர நாடல்ல, வங்கக் கடலின் அக்கரை. நம் பாட்டன்மார் கப்பலேறிச் சென்று உழைத்த பர்மா. கதைக்குரியவர் தளபதி நே வின். படைத்தலைவராக இருந்து பிரதமரானவர்.

பிறக்கும்போதே அவர் கொடுங்கோலராகப் பிறந்தவரல்லர். புரோம் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், 1910-ஐ ஒட்டிப் பிறந்த ஷு மாங் என்ற சிறுவன். இரங்கூன் பல்கலைக் கழகத்துப் படிப்பை முடிக்காமல் வெளியேறி அஞ்சல் அலுவலகத்திலே எழுத்தராக அமர்ந்த இளைஞன். வெள்ளையன் ஆட்சியை வெறுத்த தக்கின் இயக்கம் அவரை ஈர்த்தது. 1941-இல் ஆங் சான் தலைமையிலே ஜப்பானியரிடம் போர்ப் பயிற்சி பெறச் சென்ற முப்பது தோழர்களுள் ஒருவரானார். 'ஒளிவீசும் கதிரவன்' என்ற பொருளிலே நே வின் என்று பெயர் சூட்டிக் கொண்டார். 1945 மார்ச் 27-இல் பர்மியப் படை ஜப்பானியரையே எதிர்த்துத் திரும்பியபோதும் களத்திலே நின்றார்.

1947 ஜூலை 19-இல் ஆங் சான் அமைச்சரவைக் கூட்டத்திலே தம் சகாக்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4-இல் விடுதலை வந்தது. உடன் உள்நாட்டுப் போரும் வந்தது. கம்யூனிஸ்டுகள் ஒருபுறம், கரேன் இன மக்கள் மறுபுறம். 1949 தொடக்கத்திலே, கரேன் இனத்தவரான தலைமைத் தளபதி ஸ்மித் டன் விலக்கப்பட்டார்; அந்த இடத்திலே நே வின் அமர்ந்தார். அரசின் அதிகாரம் இரங்கூன் எல்லையைத் தாண்டாது என்று உலகம் நகைத்த காலம் அது. அந்த நிலையிலிருந்து நாட்டை மீட்டதிலே படைக்குப் பங்கு உண்டு. இதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கில்லை.

அப்படியானால் எங்கே தொடங்கிற்று தவறு? 1962-இல் என்பார் வரலாறு படித்தோர். நான் 1958 என்கிறேன்.

* * *

இரண்டு பூனைகள் ஓர் அப்பத்துக்காகச் சண்டையிட்டுக் குரங்கிடம் நியாயம் கேட்டுப் போன கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். பர்மாவின் ஆளுங்கட்சி அந்தக் கதையை அரங்கேற்றிக் காட்டிற்று.

விடுதலைக்குப் போராடிய கட்சி அது: பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலை முன்னணி. பத்தாண்டு ஆட்சிக்குப் பிறகு தலைவர்களுக்குள் பிணக்கு. பிரதமர் ஊ நூ ஒரு பக்கம். பா ஸ்வே, கியா நியீன் மறு பக்கம். ஓர் அணி தன்னைத் 'தூய' முன்னணி என்றது. மற்றோர் அணி 'நிலையான' முன்னணி என்றது. தூய்மையும் இல்லை, நிலையும் இல்லை! 1958 ஜூனில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஊ நூ 127 வாக்குகள், எதிரணி 119. எட்டே வாக்குகளிலே ஆட்சி தொங்கிற்று. அதன் பின்னராவது இரு அணியினரும் மக்களிடம் சென்றார்களா? இல்லை. படையிலே எனக்கு யார், உனக்கு யார் என்று எண்ணத் தொடங்கினார்கள். ஒரு சாராருக்குப் படையின் ஆதரவு என்றும், மற்றொரு சாரார் படைத்தலைவர்களை ஒழிக்கத் திட்டமிடுகின்றனர் என்றும் வதந்திகள் பறந்தன. பாசறைகள் பரபரத்தன.

இறுதியிலே செப்டம்பர் மாதம் ஊ நூ தாமே எழுதினார் மடல்: நிலைமையைச் சீர்படுத்தி, நேர்மையான தேர்தல் நடத்தித் தருமாறு தளபதிக்கு அழைப்பு! துப்பாக்கி முனையிலே பெற்ற மடல் என்போரும் உண்டு. ஆனால், கையொப்பம் பிரதமருடையது, ஒப்புதல் பாராளுமன்றத்தினுடையது. 1958 அக்டோபர் 28-இல் நே வின் பிரதமரானார். காபந்து அரசாங்கம் என்று அதற்குப் பெயர். தவணை ஆறு மாதம். மன்ற உறுப்பினரல்லாதவர் ஆறு மாதத்துக்குமேல் அமைச்சராக நீடிக்கலாகாது என்று அரசியல் சட்டம் கூறிற்று. ஆறு மாதம் முடியுமுன்னே சட்டம் திருத்தப்பட்டது. தவணை நீண்டது. திருத்தியவர்கள் யார்? மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள்! பூட்டை உடைக்கவில்லை, தோழர்களே. சாவியை எண்ணெய் பூசிக் கொடுத்தார்கள்.

* * *

இனி, நேர்மையாகப் பேசுவோம். அந்தக் காபந்து ஆட்சி திறமையாக நடந்தது. இரங்கூன் தெருக்கள் தூய்மையாயின. விலைவாசி இறங்கிற்று. அலுவலகத்திலே கோப்புகள் நகர்ந்தன. கொள்ளைக் கூட்டங்கள் ஒடுங்கின. மேனாட்டுப் பத்திரிகைகள் மெச்சின. 1960-இல் அந்த ஆட்சி தன் சாதனைகளைத் தொகுத்து ஒரு தடித்த நூலே வெளியிட்டது. வைத்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டதா என்ற வினாவே அந்நூலின் தலைப்பு!

நம் தேநீர்க் கடை நண்பர் கேட்பது இதைத்தானே? கிடைத்தது. ஆனால், அந்தத் தூய்மையின் மறுபக்கம் என்ன? இரங்கூனின் குடிசைகளிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஒக்கலாப்பா, தக்கேட்டா என்ற புறநகர்ப் பகுதிகளிலே கொண்டுபோய் இறக்கப்பட்டார்கள். உன் வீடு எங்கே, உன் வேலை எங்கே என்று அவர்களைக் கேட்டவர் இல்லை. படைவீரருக்குப் பண்டங்கள் விற்கத் தோன்றிய இராணுவப் பண்டகசாலை, வங்கி, கப்பல், இறக்குமதி என்று விரிந்து நாட்டின் மிகப் பெரிய வணிக நிறுவனமாக வளர்ந்தது. காவலுக்கு வந்தவர் களஞ்சியத்தின் அளவைத் தெரிந்து கொண்டார்!

1960 பிப்ரவரியிலே தேர்தல் வந்தது. படைத்தலைவர்களுக்கு வேண்டிய அணி 'நிலையான' அணி. மக்களோ ஊ நூவின் பக்கம் வெள்ளமெனத் திரண்டு அவருக்குப் பெரும்பான்மையை அள்ளி வழங்கினர். சுத்தமான தெருவைப் பார்த்தவர்கள்தான் அவ்வாறு வாக்களித்தார்கள். குறையுள்ளவர், தடுமாறுபவர், சொன்னதை மறப்பவர் என்று ஊ நூவை அறிந்தேதான் வாக்களித்தார்கள். அதட்டி நடத்தும் திறமையைவிடத் தட்டிக் கேட்க முடிந்த தடுமாற்றமே மேல் என்று தீர்ப்பளித்தார்கள். பட்டாள ஆட்சி வேண்டும் என்போர் பர்மியக் குடியானவனின் அந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்க்கட்டும்.

1960 ஏப்ரலிலே ஆட்சியைத் தளபதி திருப்பித் தந்தார். உலகம் கைதட்டிற்று. "பார்த்தீர்களா, சொன்ன சொல் காத்தவர்!" என்றது. அந்தக் கைதட்டலே பர்மாவை உறங்க வைத்தது. திருப்பித் தந்தார், உண்மை. ஆனால், பாடம் படித்துக்கொண்டு தந்தார்: தேர்தல் வைத்தால் நாம் விரும்பியவர் வரமாட்டார் என்ற பாடம்.

* * *

1962 மார்ச் 2. விடியுமுன்னே டாங்கிகள் இரங்கூன் வீதிகளிலே உருண்டன. பிரதமர் ஊ நூ கைது. அமைச்சர்கள் கைது. தலைமை நீதிபதி மின்ட் தெய்ன் கைது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக விளங்கிய ஷான் இனத் தலைவர் சாவ் ஷ்வே தைக் கைது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, அரசியல் சட்டம் மூட்டை கட்டப்பட்டது. 17 படை அதிகாரிகள் கொண்ட புரட்சிக் கவுன்சில் அரியணை ஏறிற்று. தலைவரும் பிரதமரும் நே வின்.

இரத்தம் சிந்தாப் புரட்சி என்றார்கள்! சாவ் ஷ்வே தைக்கின் இல்லத்திலே அன்றிரவு சுடப்பட்டு மாண்டான் அவருடைய மகன், வயது 17. அந்த ஆண்டு முடியுமுன்னே தந்தையும் சிறையிலே மாண்டார். இரத்தம் சிந்தவில்லையாம்!

ஏன் செய்தார்கள்? நாடு சிதறப் போகிறது, ஒற்றுமையைக் காக்கவே வந்தோம் என்றார்கள். என்ன நடந்தது தெரியுமா? 1947 பிப்ரவரி 12-இல் பாங்லாங் என்ற ஊரிலே ஆங் சானும், ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களும் கூடி ஓர் உடன்பாடு கண்டார்கள். எல்லைப்புற மக்களுக்குத் தம் பகுதி ஆட்சியிலே உரிமை என்பதே அதன் உயிர். பதினைந்து ஆண்டுகளாகியும் அந்த உரிமை ஏட்டிலேயே கிடந்ததால், உண்மையான கூட்டாட்சி வேண்டும் என்று கேட்க அந்தத் தலைவர்கள் 1962 பிப்ரவரியிலே இரங்கூனுக்கு வந்திருந்தார்கள். பிரதமருடன் பேச வந்தார்கள், தோழர்களே! ஆயுதத்துடன் அல்ல, வரைவு அறிக்கையுடன். பேச்சு நடந்து கொண்டிருக்கும்போதே மேசையைக் கவிழ்த்தது பட்டாளம்.

ஒற்றுமை வந்ததா? பேச வந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காட்டுக்குப் போனார்கள். ஷான் நாட்டிலே, கச்சின் மலைகளிலே, கரேன் காடுகளிலே போர் பெருகிற்று. உணவு, பணம், செய்தி, ஆள் என நான்கையும் கிளர்ச்சிக்காரருக்குக் கிடைக்காமல் வெட்டுவது என்று 'நான்கு வெட்டு' முறை வகுத்தது படை. வெட்டப்பட்டவை கிராமங்கள். கூட்டாட்சி கேட்டவனைப் பிரிவினைக்காரன் என்று அடித்து, உண்மையிலேயே பிரிவினைக்காரனாக்கி அனுப்பினார்கள்.

* * *

நான்கு மாதம் சென்றது. 1962 ஜூலை 7. விடுதியின் புதிய கட்டுப்பாடுகளை எதிர்த்து இரங்கூன் பல்கலைக் கழக மாணவர்கள் கூடினார்கள். படை சுட்டது. அரசு ஒப்புக்கொண்டது பதினைந்தை ஒட்டிய எண்ணிக்கை; நூற்றுக்கு மேல் என்பது மாணவர் கணக்கு. மறுநாள் விடியற்காலையிலே மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

வெறும் செங்கல்லா அது? 1936-இல் வெள்ளையன் ஆட்சியை உலுக்கிய மாணவர் வேலை நிறுத்தத்தின் தாயகம். ஆங் சானும் ஊ நூவும் அரசியல் பயின்ற இடம். வெள்ளையன் அதை இடிக்கவில்லை; ஜப்பானியனும் இடிக்கவில்லை. விடுதலைப் படையின் தளபதி இடித்தார்! வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி என்று வானொலியிலே முழங்கினார். மாணவரின் கையிலே வாளும் இல்லை, ஈட்டியும் இல்லை.

அதன்பின் எதிர்க்க யார்? 1964 மார்ச் 28-இல், தம் கட்சி ஒன்று நீங்கலாக எல்லாக் கட்சிகளுக்கும் தடை விதித்தார். நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டிய நாள் அது. அவரை ஆதரித்த கட்சி, எதிர்த்த கட்சி என்ற வேறுபாடு இல்லை. 1958-இல் அவரை வைத்து எதிரணியைக் கவிழ்க்கலாம் என்று கணக்கிட்ட 'நிலையான' அணியும் சேர்ந்தே புதைந்தது.

* * *

'சோஷலிசத்துக்குப் பர்மியப் பாதை' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சோஷலிசம் என்ற சொல்லைக் கேட்டு மகிழும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: தொழிலாளிக்குச் சங்கம் இல்லை, உழவனுக்குக் கேள்வி கேட்க வாயில்லை, கணக்குக் கேட்க மன்றம் இல்லை. அதற்குப் பெயர் சோஷலிசமா? 1963-இல் வங்கிகளை எடுத்தார்கள். 1964 மார்ச்சிலே கடைகளை எடுத்தார்கள். கல்லாப்பெட்டியின் பின்னே படைவீரர் வந்து உட்கார்ந்தார். போருக்கு முன் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு, ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் டன் அனுப்பிய நாடு, 1967-இல் தன் நகர மக்களுக்கே அரிசி தர முடியாமல் திண்டாடிற்று.

இங்கேதான் கதை நம் வீட்டு வாயிலுக்கு வருகிறது. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த இந்தியர் சுமார் 3 இலட்சம் பேர் வெளியேற நேர்ந்தது. தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளியர் எல்லோரும். சேமிப்பையும் உடைமையையும் அங்கேயே விட்டு, வழிச்செலவுக்கு மட்டும் கையில் கொண்டு, கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்திலே வந்து இறங்கினார்கள். வட்டித் தொழில் செய்தோர் பர்மிய உழவர் மனத்திலே ஏற்படுத்திய வடுவை நான் மறுக்கவில்லை. 1930-களின் இறுதியிலே கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்களின் கையிலே இருந்தது. ஆனால், அந்த நிலத்தைப் பாராளுமன்றம் 1948-இலேயே சட்டம் இயற்றி எடுக்கத் தொடங்கிவிட்டது. 1964-இல் தளபதியின் ஆணை யார்மீது விழுந்தது? வெற்றிலைக் கடைக்காரர்மீது, துணிக்கடைச் சிற்றாள்மீது, துறைமுகக் கூலிமீது!

சென்னையிலே 1969-இல் கடற்கரைச் சாலையோரம் எழுந்த பர்மா பஜாரை அறிவீர்கள். வியாசர்பாடியின் பர்மிய அத்தோ கடையை அறிவீர்கள். ஊர் ஊராக உள்ள 'பர்மா காலனி' என்ற பெயர்ப் பலகையை அறிவீர்கள். திரும்பவும் பர்மாவுக்கே தரைவழி செல்ல முயன்று, எல்லையிலே தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே நகரிலேயே தங்கிவிட்ட தமிழரும் உண்டு. பட்டாளத்து ஆட்சி வேண்டும் என்பவர், அந்தக் காலனிகளிலே ஒரு மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

* * *

1972-இல் தளபதி சீருடையைக் கழற்றினார். 1974-இல் புதிய அரசியல் சட்டம். பிரதமர் குடியரசுத் தலைவரானார். உடை மாறிற்று, ஆள் மாறவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலே, ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளராக உலகம் போற்ற வாழ்ந்த பர்மியர் ஊ தாண்ட் மறைந்தார். அவர் ஊ நூவின் நண்பர். ஆகவே, அரசு மரியாதை இல்லை! பொறுக்காத மாணவர்கள் டிசம்பர் 5-இல் உடலை எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். எங்கே? வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் நின்ற அதே மண்ணிலே! ஆறு நாள் கழித்துப் படை புகுந்து, சவப்பெட்டியைப் பறித்துச் சென்றது. உயிரோடிருப்பவனை மட்டுமல்ல, பிணத்தையும் அஞ்சிற்று அந்த அரசு.

1987 செப்டம்பரிலே 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாற்றிக் கொள்ள வழியே இல்லை. புதிதாக வந்தவை 45, 90. ஒன்பதாலே வகுபடும் எண்கள்; அந்த எண்ணிலே தலைவருக்கு நம்பிக்கையாம்! ஒரு மனிதரின் சோதிட நம்பிக்கைக்கு ஒரு நாட்டின் சேமிப்புப் பலியாயிற்று. அதே ஆண்டிலே, அரிசிக் களஞ்சியமாக விளங்கிய பர்மாவை மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலே சேர்த்தது ஐ.நா.

1988-இல் மக்கள் பொங்கினர். மார்ச்சிலே, கைதான இளைஞர் 41 பேர் போலீஸ் வண்டிக்குள் மூச்சுத் திணறி மாண்டார்கள். ஜூலை 23-இல் கட்சித் தலைமையிலிருந்து விலகுவதாக அறிவித்தார் நே வின். விலகும் உரையிலும் எச்சரிக்கை: படை சுட்டால் வானத்தை நோக்கிச் சுடாது, குறி பார்த்தே சுடும் என்றார். மாணவர் சங்கத்தைத் தகர்க்கும்படி ஆணையிட்டது தாமல்ல, சகாவான ஆங் ஜீ என்றும் அதே உரையிலே கூறினார். இருபத்தாறு ஆண்டு கழித்துப் பழியைத் தள்ளிவிட்டார்! ஆகஸ்டிலே படை, சொன்னபடியே குறி பார்த்துச் சுட்டது.

* * *

"அவர் கெட்ட தளபதி, நல்லவர் வந்தால்?" என்று கேட்பீர்கள். 1958-இல் அவர்தாம் நல்ல தளபதி! திறமையாளர், நாட்டுப்பற்றாளர், சொன்ன தேதிக்கு அருகிலாவது தேர்தல் நடத்தியவர். கேட்டிலும் கேடு அதுதான்: வரும்போது எல்லோரும் நல்லவரே. போகச் சொல்ல வழியுண்டா என்பதுதான் கேள்வி.

படைவீரர் அரசியலுக்கே வரலாகாது என்று நான் சொல்லவில்லை. வாட்டர்லூவிலே நெப்போலியனை வென்ற வெலிங்டன் 1828-இல் இங்கிலாந்தின் பிரதமரானார். தேர்தல் முறையிலே திருத்தமே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். 1830 நவம்பரிலே காமன்ஸ் சபையிலே தோற்றார். மறுநாள் பதவி விலகினார். நெப்போலியனை வென்றவர் வாக்குச் சீட்டுக்குத் தலை வணங்கினார். அங்கே தளபதியைவிட மன்றம் வலியது. பர்மாவிலே மன்றம் தன் வலிமையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டது.

2002 டிசம்பர் 5. ஊ தாண்டின் உடலை மாணவர்கள் தோளிலே சுமந்த அதே தேதி. வீட்டுக் காவலிலே நே வின் மாண்டார். காவலில் வைத்தவர்கள் அவர் வளர்த்த படையினரே. மருமகனும் பேரன்மாரும் சதி வழக்கிலே சிறையில் இருந்தார்கள். அரசு மரியாதை இல்லை. ஊ தாண்டுக்கு அவர் மறுத்தது அவருக்கும் மறுக்கப்பட்டது.

அவர் மாண்டார், அவர் காட்டிய வழி மாளவில்லை. 2021 பிப்ரவரி 1-இல் மீண்டும் அதே படை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கூட இருந்த நாளிலே பாய்ந்தது. அந்த ஆகஸ்டிலே தளபதி மின் ஆங் லைங் தம்மைப் பிரதமராக அறிவித்துக் கொண்டார். தம் ஆட்சிக்கு அவர் இட்ட பெயர் என்ன? காபந்து அரசாங்கம்! 1958-இல் ஊ நூ கையொப்பமிட்ட மடலுக்கு அறுபத்து மூன்று ஆண்டு கழித்தும் வட்டி வசூலாகிறது.

ஆகவே, தோழர்களே! நமக்குள் கருத்து வேறுபாடு வரும், வரத்தான் வேண்டும். கிளைக் கூட்டத்திலே சண்டையிடுங்கள். பொதுக்குழுவிலே வாதாடுங்கள். தேர்தலிலே மோதுங்கள், தோற்றால் ஐந்தாண்டு எதிர்வரிசையிலே அமருங்கள். தோற்பது இழிவல்ல. எட்டு வாக்குச் சண்டையைத் தீர்க்க வெளியிலிருந்து காவலரை அழைப்பதுதான் இழிவு. அடுத்த முறை தேநீர்க் கடையிலே அந்தப் பெருமூச்சைக் கேட்டால் தலையசைக்காதீர்கள். அருகே அமருங்கள். பர்மாவின் கதையைச் சொல்லுங்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், ஏனெனில், பெருமூச்சு விடுபவர் நம் பகைவரல்லர். நாம் செய்யத் தவறியதைக் கண்டு மனம் நொந்தவர். அவர் குறையைக் கேட்டு, அதைத் தீர்க்கவும் செய்யுங்கள். அதை நாம் செய்தால், காவலுக்கு வேறு யாரையும் அழைக்க அவருக்குத் தோன்றாது.